வார்செனிக்கின் ஆறு கைகள்

கதவைத் திறந்து வையுங்கள் என்றேன்.
"மாவு விறைத்துவிடும்" என்றாள் வார்செனிக்.
ஐந்தே படம், மூச்சுவிடும் நேரம்.
"ஒன்று போதாதா?"

போதாது என்று எப்படிச் சொல்ல.
கியூம்ரியில் பிப்ரவரி. வாசலில் கிடக்கும் பனி
வெயிலை வாங்கி முகத்தில் எறிகிறது.
தரைக்குள் புதைந்த தோனிர் அடுப்பில் கங்கு.
இரண்டுக்கும் நடுவே
நாற்பது வருடக் கரி பிடித்த சுவர்.
பனிக்கு அளவெடுத்தால் கூடம் பாழுங்கிணறு.
சுவருக்கு அளவெடுத்தால் வாசல் வெறும் வெள்ளைத்துணி.
கண் இந்தப் பஞ்சாயத்தை
இமைப்பதற்குள் தீர்த்துவிடுகிறது.
கேமராவுக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்சிதான்.

நான் பேருந்து நிலையத்தில் சீட்டுக் கிழிப்பவன்.
இந்தப் பைத்தியம் பிடித்து நான்கு மாதம்.
டிசம்பரில் கறுங்கல் தேவாலயத்தை எடுத்து
ஐந்தையும் கணினியில் ஒன்றாக்கி
ஒவ்வொரு நிறத்தையும் காது திருகுவதுபோல் திருகி
மாமிகோனுக்கு அனுப்பினேன்.
வானம் ஆப்ரிகாட் ஜாம்.
கோபுரத்தைச் சுற்றி வெள்ளையாய் ஒரு வளையம்.
"கல்லுக்குமா புனிதர் பட்டம்?" என்று பதில் வந்தது.
அவன் சொன்னது சரி.
படத்தை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.

முக்காலியை ஈரத்தரையில் ஊன்றினேன்.
நொடியை ஐந்நூறாகக் கிழித்து அதில் ஒன்று: பனி மட்டும்.
அடுத்தது அறுபதில் ஒன்று. பிறகு எட்டில் ஒன்று.
பிறகு முழுசாக ஒரு நொடி.
கடைசிக்கு எட்டு நொடி.
அசையாதீர்கள் என்றேன்.
லவாஷ் அதைக் கேட்குமா?
ஷோகிக் குனிந்து அடுப்பின் உட்சுவரில் அறைந்தாள்,
அல்மாஸ்த் உருட்டினாள்,
வார்செனிக்கின் கைகள் மாவை
இழுத்துக்கொண்டே இருந்தன.

இரவு. சமையலறை மேசை. ஆறிய தேநீர்.
ஐந்தையும் அடுக்கி
நிழலைக் கொஞ்சம் தூக்கினேன்.
கரிக்குள்ளிருந்து கல் வந்தது,
பூகம்ப வருடத்து விரிசல் வந்தது,
யாரோ சாக்பீஸில் எழுதி
பாதி அழித்த கடன்கணக்கு வந்தது.
வார்செனிக்குக்கு ஆறு கைகள்,
மூன்று ஜோடியும் புகைபோல.
இன்னும் தூக்கினேன்.
மாவுமூட்டைகளுக்குப் பின்னால்
ஷூவைக் கழற்றாமல், வாய் திறந்து,
ஒருவன் தூங்குகிறான்.

கெகாம். அவள் மகன்.
திங்கட்கிழமை க்ராஸ்நதார் பேருந்துக்கு
நானே கிழித்துக் கொடுத்த சீட்டு.
ஜன்னலோரம் கேட்டு வாங்கினான்.
தெருவே நின்று கையசைத்தது.

அந்தக் கூடத்தில் எட்டு நொடி
அசையாமல் கிடந்தது அவன் ஒருவன்தான்.
அதனால் இமைமயிர் வரை துல்லியம்.
என் நான்கு மாதத்தில்
இவ்வளவு சுத்தமாக எதுவும் விழுந்ததில்லை.

எதற்கு ஒளிகிறான்?
கடனா, பட்டாளமா, போக மனசில்லையா?
கேமரா அதைச் சொல்லவில்லை.
நிழலை இறக்கினேன். ஏற்றினேன். இறக்கினேன்.
மணி இரண்டு.
மாமிகோனுக்கு அனுப்ப எடுத்த கையை
மடியில் வைத்துக்கொண்டேன்.
பிறகு
அந்த ஒரு மூலைக்கு மட்டும்
எடுத்த இருட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை அச்சுப் போட்டு எடுத்துப்போனேன்.
"ஆறு கை! இதுதான் சரியான கணக்கு,
கூலி மட்டும் இரண்டு கைக்கு"
என்று ஷோகிக் அடுப்பே அதிரச் சிரித்தாள்.
தன் மூக்கு இவ்வளவு பெரியதா என்று
அல்மாஸ்த் இரண்டு முறை கேட்டாள்.
வார்செனிக் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.
பனியைப் பார்க்கவில்லை.
கைகளையும் பார்க்கவில்லை.
மாவு படிந்த கட்டைவிரலை
மூட்டைகளின் ஓரத்தில் வைத்தாள்.

"இங்கே இன்னும் கொஞ்சம்" என்றாள்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.
"ஷூ நாடா தெரிகிறது."